முழக்கோலும் நெருப்புக் கதவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. ஒரு கதவை வாங்கி, அறுத்து, கெடுத்து, அப்புறம் அறிவு வந்த கதை. கூடவே கொஞ்சம் வரலாறு. "கதவுக்கெல்லாமா வரலாறு?"ன்னு கேக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க. :-)

எனக்கு ஊர் கடலூர், அம்மா பிறந்தது சிதம்பரம். தாத்தா கட்டின வீடு தேரோடும் வீதியிலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதைத் தாண்டி அடுப்படி, கடைசியா கொல்லைன்னு ஒரே நேர்கோட்டுல போற பழைய வீடு. வாசல்ல நின்னு பாத்தா கொல்லைக் கிணறு தெரியும். மாமா ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்க முடியாம, "ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் வர்றவங்க தங்க இடமில்லாம அலையறாங்க. நாலு ரூம் எடுத்து விடலாம், அடுப்படியில சின்னதா மெஸ் நடத்தலாம்"னு கிளம்பிட்டார்.

தீயணைப்புத் துறையில இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மாமாவுக்குப் பழக்கம். சும்மா ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டிருந்தோம். வீட்டைச் சுத்திப் பாத்துட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கற நிலைகிட்ட வந்து நின்னார். குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்தார். மூணு அடுப்பு, ரெண்டு சிலிண்டர், மேல நாட்டு ஓடு, பனஞ்சட்டம்.

"இங்க ஒரு மணி நேரம் தாங்கற நெருப்புக் கதவு போடுங்க. ரூம்ல தூங்கறவன் எந்திரிச்சு வாசலுக்கு வர்ற வரைக்கும் அடுப்படி நெருப்பு அடுப்படியிலயே இருக்கணும். அவ்ளோதான் விஷயம்"னார்.

மாமா என்னைப் பாத்தார். "மாப்ள, நீதான கம்ப்யூட்டர்ல எல்லாம் தேடுவ. ஒரு கதவு புடிச்சுக் குடு."

இப்படித்தான் நான் மாட்டினேன்.

முழம் எவ்வளவு?

முதல் வேலை, வாசலை அளக்கறது. டேப்பை வெச்சேன். நிலைக்கு உள்பக்கம் அகலம் 33 அங்குலம், உயரம் 66 அங்குலம். அதாவது அஞ்சரை அடி. (அந்த வாசல்ல நெத்தி இடிச்சுக்காத உறவுக்காரங்க யாரும் கிடையாது.)

மில்லிமீட்டர்ல சொன்னா 838க்கு 1676. கடலூர்ல மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி.ன்னு பிளைவுட் கடை, மரக்கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கினேன். நெருப்புக் கதவுன்னா பல பேருக்கு என்னன்னே தெரியலை. தெரிஞ்சவங்களும் "சென்னையிலேர்ந்துதான் வரணும். 900க்கு 2100 இருக்கு, 1000க்கு 2100 இருக்கு. இது என்ன சார் அளவு, பொம்மை வீடா?"ன்னாங்க.

பொம்மை வீடு இல்லை, அது தச்சு முழம். ஸ்தபதிகள் கணக்குல 24 விரல் சேந்தா ஒரு முழம், அந்த முழக்கோலோட நீளம் 33 அங்குலம். எங்க அடுப்படி வாசல் அகலம் சரியா ஒரு முழம், உயரம் சரியா ரெண்டு முழம். தாத்தா காலத்து ஆசாரி டேப்பால அளக்கலை, கோலால அளந்திருக்கார். மனையடி சாஸ்திரம், ஆயாதிக் கணக்கு எல்லாம் பாத்து, நீள அகலத்தைப் பெருக்கி வகுத்து, மீதி நல்லதா வந்தாத்தான் நிலை வைப்பாங்க. அதனால நம்ம ஊர் பழைய வீடுகள்ல பக்கத்து வீட்டு நிலையும் நம்ம வீட்டு நிலையும் ஒரே அளவா இருக்கணும்னு அவசியமே இல்லை. இன்னிக்கு நாம "நான் ஸ்டாண்டர்ட்"னு சொல்றதுதான் அன்னிக்கு ஒழுங்கு.

கடலூர்க்காரனுக்கு இந்த அளவு சமாசாரத்துல இன்னொரு கதையும் ஞாபகம் வரும். 1690ல தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியர்கிட்டேர்ந்து வாங்கினப்போ, கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரத்துல விழுதோ அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்குன்னு ஒப்பந்தம். அப்படிச் சேந்த ஊர்களுக்குத்தான் குண்டு கிராமங்கள்னு பேர். செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேர் வெச்சு ஆண்டாங்க. 1746ல சென்னை பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனப்போ தென்னிந்தியாவுல கம்பெனிக்குத் தலைமையிடமே இதுதான். 1758ல லாலி வந்து கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளினான். இன்னிக்குப் போனா இடிபாடு கொஞ்சம் மிச்சம் இருக்கு. கோட்டை போச்சு, ஆனா கம்பெனியோட வந்த அடியும் அங்குலமும் மட்டும் போகலை. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, பங்களான்னு கட்டினதெல்லாம் அந்தக் கணக்குதான்.

மூணாவதா வந்தது மெட்ரிக். 1956ல சட்டம் போட்டு, 1958லேர்ந்து படிப்படியா நாடு முழுக்கக் கொண்டு வந்தாங்க. கட்டடத்துக்கான இந்தியத் தரநிலைகள் 100 மில்லிமீட்டரை ஒரு கட்டமா வெச்சுக்கிச்சு. வாசல் 800 இருக்கலாம், 900 இருக்கலாம், 1000 இருக்கலாம். நடுவுல 838ன்னு ஒண்ணு அந்தக் கணக்குல கிடையாது.

இதுல வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்துல இன்னிக்கும் கடையில விக்கற ஒரு சாதாரணக் கதவோட அகலம் 2 அடி 9 அங்குலம், அதாவது 838 மில்லிமீட்டர்! சிதம்பரத்து முழக்கோலும் லண்டன் கதவுக் கடையும் ஒரே எண்ணுல வந்து நிக்குது. தற்செயல்தான், வேற ஒண்ணுமில்லை. உடனே "தமிழன்தான் வெள்ளைக்காரனுக்குக் கதவு கத்துக் குடுத்தான்"னு யாரும் கிளம்பிடாதீங்க, ப்ளீஸ்.

அறுத்தது

கடைசியா ஒரு வியாபாரி மூலமா 900 அளவுக் கதவு ஒண்ணு வந்து இறங்குச்சு. கடை பேரெல்லாம் வேண்டாம். "அளவு ஒத்து வராதே"ன்னு போன்ல கேட்டேன். "மரக் கதவுதானே சார். மேல கீழ அறுத்துக்கங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னார். நானும் நம்பிட்டேன். மரம்னா அறுக்கலாம்னு சின்ன வயசுலேர்ந்து தெரியுமே!

நம்ம ஆசாரி எழுபது வயசுக்காரர். கதவைத் தூக்கிப் பாத்தப்பவே முகம் மாறிச்சு. "தம்பி, இது மரத்தோட கனம் இல்லையே"ன்னார். நான்தான் அறுக்கச் சொன்னேன். அகலத்துல ரெண்டரை அங்குலத்துக்கும் குறைவுதான், ஆனா உயரத்துல ஒண்ணேகால் அடிக்கு மேல எடுக்கணும். கீழ்ப்பக்கம் மிஷின் ரம்பத்தை வெச்சார். ஒரு விரல் அகலம் மரம் வந்துச்சு. அப்புறம் வெள்ளை வெள்ளையாப் பொடி கொட்ட ஆரம்பிச்சுது. கூடம் முழுக்க மாவு மில் மாதிரி ஆயிடுச்சு.

ஆசாரி ரம்பத்தை நிறுத்திட்டார். "உள்ள மரமே இல்ல தம்பி. பலகை மாதிரி என்னமோ வெச்சு ஓரத்துல மட்டும் சட்டம் போட்டிருக்கான். ஓரத்தை நான் எடுத்துட்டேன். இனி இது கதவு இல்ல."

அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து ஒழுங்காப் படிச்சேன். முன்னாடியே படிச்சிருக்கணும்.

நெருப்புக் கதவுங்கறது வெறும் பலகை இல்லை. அது ஒரு கூட்டணி. நடுவுல வெர்மிகுலைட், மெக்னீசியம் ஆக்சைடு மாதிரி எரியாத பொருள்ல பலகை. அதைச் சுத்திக் கெட்டி மரச் சட்டம். விளிம்புல ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துல ஒரு பட்டை. இந்தப் பட்டைதான் கதாநாயகன். சாதாரண நாள்ல சும்மா கிடக்கும். சூடு சுமார் 200 டிகிரிக்குப் போனா ஊதிப் பெருத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இருக்கற சந்தை அடைச்சுடும். அதுக்கு அந்தச் சந்து 3, 4 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அதோட கீல் மூணு, தானா மூடற ஸ்பிரிங், பூட்டு, நிலை எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து உலையில வெச்சுத்தான் சோதிக்கறாங்க. அரை மணி நேரத்துல உலை 840 டிகிரியைத் தாண்டும், ஒரு மணி நேரத்துல 945. அதுல நின்னாத்தான் சான்றிதழ். சான்றிதழ் கதவுக்கு மட்டும் இல்லை, அந்த மொத்தக் கூட்டணிக்கு.

அறுக்கவே கூடாதான்னா, அதுவும் இல்லை. சில கதவுகள்ல ஓரத்துக்கு ரெண்டு, மூணு மில்லிமீட்டர் இழைச்சுக்கலாம்னு செஞ்சவங்களே எழுத்துல குடுப்பாங்க. எந்த ஓரம், எவ்வளவுன்னு அந்தத் தாள்ல இருக்கும். அதுக்கு மேல போனா ஓரச் சட்டம் மெலிஞ்சு, பட்டை வெக்கற பள்ளம் போய், சான்றிதழும் போச்சு. நான் எடுக்கச் சொன்னது நானூறு மில்லிமீட்டருக்கு மேல! கல்யாண மாப்பிள்ளைக்குச் சட்டை பெருசா இருக்குன்னு மாப்பிள்ளையை அறுத்த மாதிரி.

"பேசாம தாத்தாவோட தேக்குக் கதவே இருக்கட்டுமே, அது தாங்காதா?"ன்னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. கெட்டி மரம் நிமிஷத்துக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய கரியும். ரெண்டு அங்குலச் சட்டம் ரொம்ப நேரம் நிக்கும், சந்தேகமே இல்லை. ஆனா சட்டத்துக்கு நடுவுல இருக்கற பலகை அரை அங்குலம்தான். அது சீக்கிரமே ஓட்டை விழுந்துடும். போதாததுக்கு பழைய கதவு குடுமியில சுத்தறது. சுத்தியும் விரல் நுழையற சந்து. கதவு எரியறதுக்கு முன்னாடியே புகை அந்தச் சந்து வழியா வந்துடும். பெரும்பாலும் ஆளைக் கொல்றது அந்தப் புகைதான்.

தகரம் போத்தின கதவு

இந்தச் சோதனை, சான்றிதழ் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினா, பஞ்சாலைக்குத்தான் போகுது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவுல நியூ இங்கிலாந்துப் பக்கம் ஆலைகள் அடிக்கடி எரிஞ்சுது. பஞ்சும் எண்ணெயும் இருந்தா கேக்கணுமா? முதல்ல இரும்புக் கதவு போட்டுப் பாத்தாங்க. சூட்டுல இரும்பு முறுக்கிக்கிட்டு நிலையை விட்டு விலகிடுச்சு. ஆலை முதலாளிகள் சேந்து நடத்தின காப்பீட்டுச் சங்கங்கள் வேற வழி கண்டுபிடிச்சாங்க. மரப் பலகையை ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கும் நெடுக்குமா அடுக்கி ஆணி அடிச்சு, சுத்தியும் தகரம் போத்தினாங்க. தகரம் காத்து போக விடாது, காத்து இல்லாம மரம் பத்தி எரியாது, மெதுவாக் கரியாகும். மரம் உள்ள இருக்கறதால தகரம் முறுக்கிக்காது. ஒண்ணோட குறையை இன்னொண்ணு மறைக்குது. நல்ல தாம்பத்யம்!

அந்தக் கதவைச் சரிவான தண்டவாளத்துல தொங்க விட்டு, கயித்துல எடை கட்டி, நடுவுல சுமார் 70 டிகிரியில உருகற ஒரு ஈயக் கண்ணியை வெச்சாங்க. நெருப்பு வந்தா கண்ணி உருகும், கயிறு அறும், கதவு தானா உருண்டு வந்து மூடிக்கும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம்.

நம்ம நாட்டுலயும் 1966ல வந்த ஐ.எஸ். 3614 தரநிலையோட முதல் பாகம் இந்தத் தகரம் போத்தின கதவையும் சேத்துத்தான் பேசுது. ஆலை, கிடங்கு, குடோனுக்கான கதவு அது. அதாவது நெருப்புக் கதவு இங்க வந்தது முதல்ல சரக்கைக் காப்பாத்த. ஆளைக் காப்பாத்தணும்ங்கற பேச்சு பெருசானது பின்னாலதான். அதே தரநிலையை 2021ல புதுசா எழுதினப்போ கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் சேந்த முழு அமைப்பா அதைப் பாக்க ஆரம்பிச்சாங்க.

திறக்காத கதவு, மூடாத கதவு

தீ விபத்துல கதவு ரெண்டு விதமாத் துரோகம் பண்ணும். திறக்க வேண்டியது திறக்காது. இல்லை, மூட வேண்டியது மூடாது.

முதல் வகைக்கு உலகம் முழுக்க உதாரணம் இருக்கு. 1903 டிசம்பர் 30, சிகாகோவுல இரோக்வா தியேட்டர். 602 பேர். கதவுகள் பூட்டியிருந்துச்சு, சிலது உள்பக்கமாத் திறக்கற கதவு, சிலதுல பழக்கமில்லாத தாழ்ப்பாள். அன்னிக்கு அந்த நாடகத்துக்குப் போக இருந்து, போக முடியாமப் போன ஒருத்தர் கார்ல் பிரின்ஸ்லர்னு, கதவுச் சாமான் கம்பெனியில வேலை பாத்தவர். அந்தப் பாதிப்புல ஹென்றி டுபான்ட்டோட சேந்து, உடம்பால தள்ளினாலே திறக்கற குறுக்குக் கம்பித் தாழ்ப்பாளைக் கொண்டு வந்தாங்க. 1908ல அது விற்பனைக்கு வந்துச்சு. இன்னிக்கு மால்ல பாக்கறோமே, அதேதான். (அந்தக் கம்பெனி எழுத்தாளர் கர்ட் வானகட் குடும்பத்தோடதுங்கறது கொசுறுத் தகவல்.)

நம்ம நாட்டுக்கு வந்தா, 1997 ஜூன் 13, டெல்லி உப்கார் தியேட்டர், 59 பேர். கூடுதலா சீட் போடறதுக்காக பால்கனியில ஒரு பக்க வழியையே அடைச்சிருந்தாங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் பாதிச்ச 28 பேர். அங்க கதவே பிரச்சனை இல்லை, காலுல சங்கிலி. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம். மாடியில கீத்துப் பந்தல், இறங்கக் குறுகலான படி. மாப்பிள்ளை உட்பட அம்பது பேருக்கு மேல.

ரெண்டாவது வகைக்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். சிதம்பரத்துலேர்ந்து பஸ்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம். அந்த நாளை என்னால மறக்க முடியாது. கடலூர்ல எங்க அத்தை பொண்ணு ஒரு நர்சரி ஸ்கூல்ல டீச்சர். அதுவும் மாடியில கீத்துக் கொட்டகை போட்ட ஸ்கூல்தான். மத்தியானம் டிவியில செய்தி ஓடுது, அத்தை ஒண்ணும் பேசாம செருப்பு கூடப் போடாம ஸ்கூலை நோக்கி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. இது வேற ஊர், இது வேற ஸ்கூல்னு நான் பின்னாடியே சொல்லிக்கிட்டுப் போறேன், அவங்க காதுலயே விழலை. ஸ்கூல் வாசல்ல ஏற்கனவே நூறு பேர் நின்னாங்க. எல்லாரும் அதே மாதிரி வந்தவங்கதான். எல்லாரும் அண்ணாந்து அந்தக் கீத்துக் கூரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அது நேத்திக்கும் அங்கதான் இருந்துச்சு. நாங்க யாரும் பாத்ததே இல்லை.

கும்பகோணத்துல நெருப்பு தொடங்கினது சத்துணவு சமையல் கொட்டகையில. அங்கேர்ந்து மாடி வகுப்பறைக் கீத்துக் கூரைக்குத் தாவுச்சு. 94 குழந்தைங்க. அடுப்புக்கும் குழந்தைங்களுக்கும் நடுவுல நெருப்பை நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லை. நீதிபதி சம்பத் கமிஷன் போட்டாங்க, பள்ளிகள்ல கீத்துக் கூரையை எடுத்தாங்க, 2014ல தஞ்சாவூர் கோர்ட்டுல தீர்ப்பு வந்துச்சு. எங்க அத்தை பொண்ணு ஸ்கூல்லயும் கூரையைப் பிரிச்சாங்க. ஆனா கூரையைப் பிரிச்சதோட நாம பாடத்தை முடிச்சுக்கிட்டோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். கீத்து ஒரு பாடம். அடுப்புக்கும் ஆளுக்கும் நடுவுல ஒரு தடுப்பு வேணும்ங்கறது இன்னொரு பாடம். அதை எத்தனை ஹோட்டல், மண்டபம், ஹாஸ்டல்ல படிச்சிருக்கோம்?

சான்றிதழ் இருந்தா மட்டும் போதும்னும் சொல்ல முடியாது. 2017 ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் டவர், 72 பேர். அங்க வீட்டு வாசல் கதவுகள் அரை மணி நேரம் தாங்கணும். அதுல ஒண்ணைப் பின்னாடி சோதிச்சப்போ அதுல பாதி நேரம்தான் நின்னுச்சு. கேட்டப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது எங்க கூடத்துல கொட்டின வெள்ளைப் பொடிதான். நாங்க அந்தக் கதவை எப்படியோ ஒட்டுப்போட்டு மாட்டியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பெயின்ட் அடிச்சா எல்லாக் கதவும் ஒண்ணுதான்.

சிதம்பரத்துல கதவைப் பத்திப் பேசினா

நந்தனாரைச் சொல்லாம இருக்க முடியாது. சேக்கிழார் பெரியபுராணத்துல சொல்ற கதை உங்களுக்குத் தெரியும். ஆதனூர்லேர்ந்து நாளைப் போவேன், நாளைப் போவேன்னு தவிச்சு வந்த மனுஷன், தில்லைக்கு வந்தும் உள்ள போக முடியாம எல்லைக்கு வெளியிலேயே சுத்தறார். கடைசியில தெற்கு வாசல் பக்கம் நெருப்பு மூட்டி, அதுல இறங்கித்தான் உள்ள போறார். எத்தனையோ வாசல் இருக்கற ஊர்ல ஒருத்தருக்கு மட்டும் நெருப்புதான் வாசல். தெற்குப் பக்கம் அடைச்ச வாசலைத் திறக்கணும்னு நம்ம காலத்துலயும் போராட்டம் நடந்துச்சு. மாமாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "கதவு யாருக்காக மூடுது, யாருக்காகத் திறக்குதுன்னு கேக்கணும்டா. நம்ம கதவு தூங்கறவனுக்காக மூடட்டும்"னார். தமிழ் வாத்தியார் இல்லை அவர், மின்சார வாரியத்துல இருந்தவர். :-)

கடைசியில என்ன பண்ணினோம்

வாசலை இடிச்சுப் பெருசாக்கிட்டா வேலை முடிஞ்சுது. ஆனா அந்த நிலையைத் தொட மாமாவுக்கு மனசு வரலை. தாத்தா கணக்குப் பாத்து வெச்ச நிலை, அம்மா உட்பட ஆறு பேருக்கு அதுல பென்சில்ல உயரம் குறிச்சு வெச்சிருக்கு. அளவு சொல்லி புதுசா செய்யச் சொல்லலாம், செய்யறாங்க. ஆனா விலையும் காத்திருக்கற நாளும் கட்டுப்படியாகலை.

வழி சொன்னது கொத்தனார். "கதவை ஏன் சின்னதாக்கணும்? வாசலையும் தொட வேணாம். அடுப்படிப் பக்கம் நாலடி தள்ளி ஒரு செங்கல் சுவர் எழுப்பி, மேல காங்கிரீட் பலகை போட்டு, இன்னொரு சின்ன ரேழி மாதிரி பண்ணிடலாம். புதுச் சுவர்ல உங்க கதவுக்கு என்ன அளவு வேணுமோ அந்த அளவுக்கு வாசல் விடறேன்."

எவ்வளவு எளிமை! கதவை வாசலுக்கு ஏத்த மாதிரி வெட்டாம, கதவுக்கு ஏத்த மாதிரி ஒரு வாசல் கட்டறது. 900க்கு 2100, நிலையோட சேந்து வந்த கதவு, ஒரு மில்லிமீட்டர் கூட அறுக்காம உக்காந்துச்சு. பழைய வாசல் அப்படியே இருக்கு. ஒரு முழம், ரெண்டு முழம், பென்சில் கோடு எல்லாம்.

அதுக்கு மேல இன்னொண்ணும் அவர்தான் காமிச்சார். ஏணி போட்டு மேல ஏறச் சொன்னார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கற ஒண்ணரை அடிச் சுவர் ஓடு வரைக்கும் போகவே இல்லை! சுவருக்கு மேல, சட்டத்துக்கு நடுவுல, ஒரு முழ உயரத்துக்கு இடைவெளி. புகை போக அன்னிக்கு விட்டது. "கீழ கதவை மூடிட்டு மேல ஜன்னல் திறந்து வெச்ச மாதிரி இருக்கு"ன்னார். செங்கல் வெச்சு, சுண்ணாம்புக் கலவை பூசி, சட்டத்தைச் சுத்தி இடுக்கு விடாம அடைச்சார். அடுப்படிக்கு கொல்லைப் பக்கம் தனியாப் புகைபோக்கி. சமைக்கறவங்க வெளிய ஓட கொல்லை வாசல் இருக்கு, அதுல பூட்டு போடறதில்லைன்னு மாமா சத்தியம் பண்ணியிருக்கார். சிலிண்டர் ரெண்டும் கொல்லைப்பக்கம் வெளிய போயிடுச்சு.

தங்கறவங்க வெளிய போற வழிக்கும் கணக்கு இருக்கு. 2005ல வந்த தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வெளியேறும் வாசல் குறைஞ்சது 1000 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு சொல்லுச்சு. நம்ம முழத்தைவிட 16 சென்டிமீட்டர் அதிகம். நல்ல வேளை, தெருவாசல் நிலை அதைவிடப் பெருசு. தாத்தா வெளிவாசல் விஷயத்துல தாராளம், அடுப்படி விஷயத்துலதான் கஞ்சம். அந்தக் காலத்து ஆம்பளைங்க கணக்கு அப்படி. அடுப்படியில யார் குனிஞ்சா என்ன?

பெரியவர் திரும்ப வந்தார். கதவைத் திறந்து, கையை விட்டார். தானா வந்து மூடிக்கிச்சு. மறுபடி திறந்தார், விட்டார், மூடுச்சு. சந்துல ஒரு விசிட்டிங் கார்டை விட்டுப் பாத்தார். "நல்லாருக்கு"ன்னார். அப்புறம் கீழ குனிஞ்சு, பரிமாற வசதியா இருக்கட்டும்னு சமையல்காரர் கதவுக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருந்த அரைச் செங்கல்லைக் கையில எடுத்தார். மாமா கையில குடுத்தார். ஒண்ணும் சொல்லலை. கிளம்பிப் போயிட்டார்.

அந்தச் செங்கல் இப்போ கொல்லையில துளசி மாடத்துக்கு அண்டை குடுக்குது. அறுத்துக் கெட்ட கதவை நாலு காலு வெச்சு காய் நறுக்கற மேஜை ஆக்கிட்டார் ஆசாரி. ரொம்ப கனம், ஆடவே ஆடாது. தமிழ்நாட்டுலயே ஒரு மணி நேரம் நெருப்பைத் தாங்க இருந்த காய் நறுக்கற மேஜை அது ஒண்ணாத்தான் இருக்கும்.

உங்க வீட்டுல நெருப்புக் கதவு இருக்காது, தெரியும். ஆனா பசங்க படிக்கற ஸ்கூல், ஹாஸ்டல், நீங்க கல்யாணத்துக்குப் போற மண்டபம், ஆபீஸ் மாடிப்படி எல்லாத்துலயும் ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும். அடுத்த தடவை போறப்போ ரெண்டே விஷயம் பாருங்க. திறக்க வேண்டியது திறக்குதா? மூட வேண்டியது மூடுதா? முட்டுக் கொடுத்து செங்கல்லோ சிலிண்டரோ தண்ணி கேனோ இருந்தா, யாரும் பாக்கலைன்னா கூட, மெதுவா எடுத்து ஓரமா வெச்சுட்டு வந்துடுங்க.